லா ஹே சாந்த் பண்ணை: ஒரு வார்கேம் சினாரியோ எங்கே சறுக்குகிறது, எப்படிச் சீராகிறது

வாட்டர்லூ களத்தின் நட்ட நடுவில், பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பண்ணை லா ஹே சாந்த். 1815 ஜூன் 18 அன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஜெர்மன் படையான கிங்ஸ் ஜெர்மன் லீஜனின் 2-ஆம் லைட் பட்டாலியன், 400-க்குச் சற்றுக் குறைவான ஆட்களுடன், மேஜர் பேரிங் தலைமையில், நெப்போலியனின் பிரெஞ்சுப் படையிடமிருந்து அதைப் பிற்பகல் முழுக்கக் காத்து நின்றது. மாலை 6 மணிக்கு மேல் பண்ணை விழுந்தது. பேரிங்கோடு திரும்பிய அவருடைய ஆட்கள் 42 பேர்.

மினியேச்சர் வீரர்களை வைத்து மேசைப்போர் ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு கைக்கு அடக்கமான களம் அரிதாகவே கிடைக்கும். சுவர் சூழ்ந்த ஒரே இடம், காவலுக்கு ஒரு பட்டாலியன், அலை அலையாக வரும் எதிரி, தெளிவான நேரக் கெடு எல்லாம் இதில் உண்டு. அப்படியிருந்தும் பெரும்பாலான மேசைகளில் ஆட்டம் சப்பென்று முடிகிறது. காவல் தரப்பு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பகடையை உருட்டிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுத் தரப்பு வந்து வந்து செத்துப்போகும். நான்காம் சுற்றில் பிரெஞ்சு ஆட்டக்காரர் கைபேசியை எடுத்துவிடுவார்.

"சுவருக்குக் கொடுக்கும் பாதுகாப்புப் புள்ளி அதிகம், அதைக் குறை" என்றுதான் பலர் முதலில் மருந்து சொல்வார்கள். அது வேலைக்கு ஆகாது. சுவரை மெலிதாக்கினால் பண்ணை மூன்று மணிக்கே விழும், ஆட்டம் வேறொரு விதத்தில் கெடும். அன்று சுவர் கடைசிவரை நின்றது, தீர்ந்தது தோட்டா. பேரிங் எண்ணிப் பார்த்தபோது ஆளுக்குச் சராசரியாக மூன்று நான்கு தோட்டாதான் மிச்சம். மூன்று முறை ஆள் அனுப்பிக் கேட்டும் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தை மேசைக்குக் கொண்டுவராத எந்த ரூல்ஸும் இந்தச் சினாரியோவைக் காப்பாற்றாது.

அன்று நடந்தது, மேசைக்குத் தேவையான அளவு

பண்ணை சாலையின் மேற்குப் பக்கம். தெற்கே, எதிரியைப் பார்த்தபடி பழத்தோட்டம். வடக்கே காய்கறித் தோட்டம். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குட்டை. தென்புறம் தானியக் களஞ்சியம், மேற்கே லாயம், வடக்கே வீடு. பெரிய வாயில் சாலையைப் பார்த்திருக்கிறது. களஞ்சியத்தின் மேற்குக் கதவு வயலைப் பார்த்துத் திறக்கும். அந்தக் கதவுதான் முந்தின இரவு மழையில் குளிர்காயப் பிடுங்கி எரிக்கப்பட்டுவிட்டது. சுவரில் துப்பாக்கித் துளை போடக் கருவி போதவில்லை. கருவிகளைச் சுமந்த கோவேறு கழுதை வழியில் தொலைந்துபோனது, தச்சர்களை அதே களத்திலிருந்த ஊகுமோன் பண்ணைக்கு அனுப்பியாயிற்று.

பேரிங் தன் ஆறு கம்பெனிகளில் மூன்றைப் பழத்தோட்டத்திலும், இரண்டைக் கட்டடங்களிலும், ஒன்றைக் காய்கறித் தோட்டத்திலும் நிறுத்தினார். பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படைப்பிரிவு நடத்திய முதல் தாக்குதல் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி. பிறகு பல முறை. உதவியாக முதலில் 1-ஆம் லைட் பட்டாலியனின் இரண்டு கம்பெனிகள், பின்னர் 5-ஆம் லைன் பட்டாலியனின் முன்னோடிச் சுடுவோர், கடைசியாக நாசாவ் என்ற ஜெர்மன் சிற்றரசின் 200 வீரர்கள் வந்தார்கள். மூன்று உதவியும் ஆட்களைக் கொண்டுவந்தது, தங்கள் பையில் இருந்ததற்கு மேல் ரைஃபிள் தோட்டாவைக் கொண்டுவரவில்லை.

மேசையும் ஆட்களும்

ஒரு பொம்மைக்கு 10 ஆள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒரு கம்பெனிக்கு 6 பொம்மை, ஆறு கம்பெனிக்கு 36. பேரிங்குக்குத் தனி பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு). உதவிக்கு 12, 6, 20 என்று மூன்று தவணை. மொத்தம் காவல் தரப்புக்கு 74. பிரெஞ்சுக்கு 48 பொம்மை கொண்ட பட்டாலியன் இரண்டு போதும், அதாவது 96. நான்கு அலைக்கும் அதே பொம்மைகள்தான் திரும்பத் திரும்ப வரும். சிதறிய பட்டாலியனை மேசையிலிருந்து எடுத்து, அடுத்த அலையில் புதுப் பெயருடன் வையுங்கள். 384 பிரெஞ்சு வீரர்களுக்கு வண்ணம் பூசிவிட்டுத்தான் ஆடுவேன் என்று கிளம்பிய திட்டங்கள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோகும்.

28 மி.மீ. பொம்மை என்றால் ஒவ்வொன்றுக்கும் 20க்கு 20 மி.மீ. பேஸ், அடியில் காந்தத் தாள். கம்பெனியை 60க்கு 40 மி.மீ. உலோகத் தட்டில் நிறுத்தலாம், சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டியபோது தட்டிலிருந்து கழற்றிவிடலாம். 1/72 மென்பிளாஸ்டிக் பொம்மை மலிவு, ஆனால் துப்பாக்கி முனையில் வண்ணம் உரியும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெலிதாகப் பி.வி.ஏ. பசை பூசி, அதன் மேல் வண்ணம் போட்டால் நிற்கும்.

வண்ணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. லீஜனின் லைட் பட்டாலியன் கரும்பச்சை. நாசாவ் வீரர்களும் பச்சை. மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முன்னவர் கையில் ரைஃபிள், பின்னவர் கையில் மஸ்கெட் என்னும் வழவழப்புக் குழாய்த் துப்பாக்கி. தோட்டா மாற்றிக்கொள்ள முடியாது என்பதுதான் இந்தச் சினாரியோவின் உயிர்நாடி, எனவே இந்தக் குழப்பம் ஆட்டத்தையே கெடுக்கும். லீஜனுக்குக் கறுப்புத் தோல்வார், நாசாவுக்கு வெளிர் மஞ்சள் தோல்வார் என்று சரியாகப் பூசினாலும் போதாது. பேஸின் விளிம்பிலேயே ஒன்றுக்குக் கறுப்பு, மற்றதற்கு வெள்ளை அடித்துவிடுவது நல்லது.

கட்டடத்துக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு தாராளம். 2 மீட்டர் சுவர் 28 மி.மீ. பொம்மைக்கு 36 மி.மீ. உயரம் வரும். முற்றம் குறைந்தது 25க்கு 20 செ.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே கை நுழையாது. கூரைகள் கழற்றும்படி இருக்க வேண்டும். ஸ்ப்ரே வண்ணம் அடிக்கும் முன் ஃபோம் தெரியும் வெட்டு விளிம்புகளில் பசையோ அக்ரிலிக்கோ பூசி மூடிவிடுங்கள். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும், சுவர் பூச்சி அரித்தது மாதிரி ஆகிவிடும்.

அளவுகோல் சண்டை

60 மீட்டர் நீளமுள்ள ஒரு சுவர் என்று வைத்துக்கொள்வோம். பொம்மையின் உயரத்துக்கு ஏற்ப 1:56-இல் கட்டினால் அது 107 செ.மீ. வரும். மேசைத் தரைக்கு 1 செ.மீ. = 3 மீட்டர் என்று கொண்டால் அதே சுவர் 20 செ.மீ. தான். இரண்டையும் ஒரே மேசையில் சமாதானப்படுத்த முடியாது. 40 செ.மீ. என்று நடுவில் வெட்டுகிறவர்கள் அதிகம். அப்போதும் "இந்தச் சுவரில் எத்தனை பேர் நின்று சுடலாம்" என்ற வாக்குவாதம் ஒவ்வொரு சுற்றிலும் எழும்.

நேரமும் இதே மாதிரி இடிக்கும். பிற்பகல் 1:30 முதல் மாலை 6:30 வரை ஐந்து மணி நேரம், சுற்றுக்கு அரை மணி என்றால் 10 சுற்று. அரை மணியில் ஒரு படைவரிசை 60 மீட்டர்தான் நகரும் என்று அளவுநாடாவை நீட்டினால் சிரிப்புத்தான் வரும்.

இதற்கு ஒரே வழி அளவுநாடாவைத் தூக்கிப் பெட்டியில் போடுவது. பண்ணையை ஏழு கட்டங்களாகப் பிரித்து ஒரு தாளில் வரைந்து, இரு தரப்புக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிடுங்கள். பழத்தோட்டம், களஞ்சியம், லாயம், வீடு, முற்றம், சாலை வாயில், காய்கறித் தோட்டம் என ஏழு. ஒவ்வொன்றிலும் எத்தனை கம்பெனி நிற்கலாம், எந்தத் திசையில் எத்தனை பொம்மை சுடலாம் என்று எண் எழுதியிருக்கும். வெளியே "தொலைவு", "அருகு" என்று இரண்டே வளையம். தாக்கும் அலை ஒரு சுற்றில் தொலைவில் நிற்கும், அடுத்த சுற்றில் அருகில் வந்து, அதே சுற்றின் முடிவில் சுவரைத் தொடும். ஒரு சுற்று என்பது அந்த அரை மணியில் சண்டை உச்சத்தில் இருந்த சில நிமிடங்கள், மற்ற நேரமெல்லாம் மூச்சு வாங்கியது. கட்டட அழகு அப்படியே இருக்கும், வாக்குவாதம் மட்டும் போய்விடும்.

தோட்டா தீராத ஆட்டம்

முதலில் தோட்டாக் கணக்கே இல்லாத வழக்கமான வடிவத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொம்மைக்கு ஒரு பகடை. ரைஃபிள் தொலைவில் 5 அல்லது 6 விழுந்தால் அடி, அதாவது எதிரியின் ஒரு பொம்மை விழும்; அருகில் 4, 5, 6. பிரெஞ்சுப் பட்டாலியன் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 16 பொம்மையை, இழந்தால் சிதறும். ஒன்று சிதறினால் பக்கத்துப் பட்டாலியன் ஒரு பகடை உருட்ட வேண்டும். 4 அல்லது மேலே விழுந்தால் நிற்கும், இல்லாவிட்டால் அதுவும் ஓடும். ஆக, ஓர் அலையைத் திருப்பி அனுப்பச் சராசரியாக 16-உம் அதற்கு மேல் பாதி நேரம் இன்னொரு 16-உம் வேண்டும், அதாவது 24 அடி.

ஆறு கம்பெனியும் ஒரே முகமாகச் சுட்டால் தொலைவில் 36 பகடைக்கு 12 அடி, அருகில் 18 அடி. மொத்தம் 30. அலை சுவரைத் தொடுவதற்கு முன்பே முடிந்தது. நான்கு கம்பெனிக்குத்தான் அந்தப் பக்கம் பார்வை இருக்கிறது என்றாலும் 8-உம் 12-உம் சேர்ந்து 20. ஒரு பட்டாலியன் சிதறியாயிற்று, மற்றது நிற்பதும் ஓடுவதும் சரிபாதி. இதே கதை பத்துச் சுற்றுக்கும் தொடரும். பிரெஞ்சு ஆட்டக்காரர் எவ்வளவு திறமைசாலி என்றாலும் இந்தக் கணக்கை மீற வழியில்லை.

"ஒன்று விழுந்தால் தோட்டா தீர்ந்தது" ஏன் சரிவராது

பல ரூல்ஸில் இருக்கும் குறுக்கு வழி இது: சுடும்போது இரண்டு பகடையில் 1 விழுந்தால் அந்தக் கம்பெனிக்குத் தோட்டா குறைவு என்று அடையாளம் வை. ஆறு பகடை உருட்டும்போது இரண்டோ அதற்கு மேலோ 1 விழும் வாய்ப்பு 26 சதவீதம். முதல் சுற்றிலேயே நான்கில் ஒரு கம்பெனி கையை விரித்துவிடும். இன்னொரு பக்கம், ஐந்து முறை சுட்ட பிறகும் ஒன்றுமே ஆகாமல் தப்பும் கம்பெனி ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், 22 சதவீதம். பெரிய போரில் 20 பட்டாலியன் ஆடும்போது இந்த ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். ஆறே கம்பெனி இருக்கும் மேசையில் ஆகாது.

அதைவிடப் பெரிய குறை, இந்த முறையில் ஆட்டக்காரர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. பகடை சொன்னது, தோட்டா தீர்ந்தது, அவ்வளவுதான். பேரிங்குக்கு அன்று இருந்த தலைவலி வேறு. இப்போது வருகிற கூட்டத்தைச் சுடுவதா, அடுத்ததற்கு வைத்திருப்பதா என்பதுதான் அது. அந்தத் தலைவலியை ஆட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.

பாசி முறை

ஒவ்வொரு ரைஃபிள் கம்பெனிக்கும் 6 கறுப்புப் பாசி மணி. ஒரு பாசி ஆளுக்கு 10 தோட்டா, ஆக அந்தக் காலக் காலாட்படை சுமந்த 60 தோட்டா கணக்குச் சரியாக வருகிறது. சுடுவதில் இரண்டு வகை:

மெதுவாகச் சுட்டால் இரண்டு பொம்மைக்கு ஒரு பகடை, செலவு 1 பாசி.
வேகமாகச் சுட்டால் ஒரு பொம்மைக்கு ஒரு பகடை, செலவு 2 பாசி.

ஒரு பாசிக்கு அருகில் 1.5 அடி, தொலைவில் 1 அடி. எந்த வேகத்தில் சுட்டாலும் இந்த விகிதம் மாறாது, அது வேண்டுமென்றே வைத்தது. வேகமாகச் சுடுவது லாபம் என்று விகிதத்தைச் சாய்த்தால் எல்லாரும் வேகமாகவே சுடுவார்கள், யோசிக்க ஒன்றும் இருக்காது. இப்போது கேள்வி எப்போது, எவ்வளவு தூரத்தில் என்பது மட்டும்தான்.

ஆறு கம்பெனியின் 36 பாசியையும் அருகில் மட்டுமே சுட்டால் 54 அடி. 1-ஆம் லைட்டின் இரண்டு கம்பெனி 12 பாசியுடன் வந்தால் 18. 5-ஆம் லைனின் 6 பாசிக்கு 9. நாசாவின் மஸ்கெட்டுக்கு அருகிலும் 5, 6 தான் அடி. அவர்களை மூன்று கம்பெனித் தட்டாக வைத்தால் 18 வெள்ளைப் பாசிக்கு 18. மிச்சம் இரண்டு பொம்மை தண்ணீர் தூக்க, அதைப் பின்னால் பார்ப்போம். எல்லாம் கூட்டினால் 99. நான்கு அலைக்குத் தேவை 96. ஒரு பாசிகூடத் தொலைவில் வீணாகாமல், ஒரு கம்பெனிகூட அழியாமல் இருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். நடைமுறையில் அது நடக்காது. பத்தாம் சுற்றை ஒட்டிப் பண்ணை தள்ளாடும், ஆனால் விழுந்தே தீரும் என்று சொல்லவும் முடியாது.

பழத்தோட்டத்தில்தான் முதல் தவறு நடக்கும். மூன்று கம்பெனி அங்கே நிற்கிறது, எதிரி தொலைவில் தெரிகிறான், கை அரிக்கிறது. வேகமாகச் சுட்டால் 6 பாசி போய் 6 அடி. அதே பாசியை அருகில் செலவிட்டிருந்தால் 9. முதல் சுற்றில் கோட்டைவிட்ட அந்த 3 அடி ஒன்பதாம் சுற்றில் உறைக்கும். பழத்தோட்டத்திலிருந்து பின்வாங்கும்போது, விழுந்த ஒவ்வொரு இரண்டு பொம்மைக்கும் ஒரு பாசியும் போய்விடும், ஏனென்றால் செத்தவன் பை வெளியே கிடக்கிறது. சுவருக்குள் விழுந்தவனின் பாசி கம்பெனியிலேயே தங்கும்.

ரைஃபிளுக்குள் பாசி பகிரலாம், ஆனால் இருவரும் முற்றத்தில் ஒரு சுற்று முழுக்கச் சுடாமல் நிற்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் கலக்கவே கூடாது. லீஜன் வைத்திருந்த பேக்கர் ரைஃபிளின் குழாய்த் துளை 0.625 அங்குலம், மஸ்கெட்டுடையது 0.75-ஐ ஒட்டி, மஸ்கெட் குண்டு ரைஃபிளுக்குள் நுழையவே நுழையாது.

பாசி தீர்ந்த கம்பெனிக்கு இன்னும் மூன்று நான்கு தோட்டா உண்டு. அதற்காக ஒரே ஒரு "கடைசி வேட்டு": எதிரி சுவரைத் தொடும்போது மட்டும், பாதிப் பகடை, 5 அல்லது 6-க்கு அடி, ஆட்டத்தில் ஒரு முறை. இதைச் சேர்க்காவிட்டால் பாசி தீர்ந்த கணமே ஆட்டக்காரர் கம்பெனியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

பாசிகளை மேசை மேல், கம்பெனியின் பக்கத்திலேயே வைக்க வேண்டுமா, மறைத்து வைக்க வேண்டுமா? மறைத்துத்தான். மூடி போட்ட சின்ன டப்பியில், நடுவர் மட்டும் பார்க்கும்படி. அன்று பிரெஞ்சுக்காரர்களுக்குத் தோட்டா தீர்ந்தது எப்படித் தெரிந்தது? சுடும் சத்தம் ஓய்ந்ததால் தெரிந்தது. மேசையிலும் அதே மாதிரி: அருகில் எதிரி இருக்கும்போது ஒரு கட்டத்திலிருந்து தொடர்ந்து இரண்டு சுற்று வேட்டு வராவிட்டால், பிரெஞ்சு ஆட்டக்காரர் அந்தச் சுவரில் சுற்றுக்கு மூன்று பொம்மையை ஏற்றலாம். ஏறியவன் கூரையிலிருந்து முற்றத்தைச் சுடுவான். எனவே காவல் தரப்பு சில நேரம் ஏமாற்றுவதற்காகவே ஒரு பாசி செலவழித்து மெதுவாகச் சுட வேண்டியிருக்கும்.

தோட்டா வருமா

வரலாறு தெரிந்த எவருக்கும் தோட்டா வராது என்று தெரியும். தெரிந்துவிட்டால் ஆள் அனுப்பவே மாட்டார்கள், முதல் சுற்றிலிருந்தே கஞ்சத்தனமாக ஆடுவார்கள். கொஞ்சம் ஆசை காட்ட வேண்டும். மூன்று முறை கேட்கலாம், ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை. கூட்டுத்தொகை 11 அல்லது 12 என்றால் இரண்டு கம்பெனிக்கு மூன்று மூன்று கறுப்புப் பாசி. ஒரு முறைக்கு வாய்ப்பு 12-இல் 1. மூன்று முறையில் ஒரு தடவையாவது கிடைக்க 23 சதவீதம். 9 அல்லது மேல் என்று தாராளம் காட்டினால் இது 62 சதவீதமாகத் தாவிவிடும், பிறகு பாசி முறைக்கே அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறை கேட்பதற்கும் ஒரு பொம்மை சாலை வழியே வெளியே போக வேண்டும், அடுத்த சுற்றில்தான் பதில் வரும்.

கதவில்லாத களஞ்சியம்

மேற்கு வாசலில் அருகருகே இருவர்தான் நிற்க முடியும், அதனால் கைகலப்பு எப்போதும் இருவருக்கு இருவர். ஜோடிக்கு ஜோடி ஒரு பகடை, பெரிய எண் வெல்லும், சமமானால் காவலுக்கு. வாசலில் தடுப்பு இருந்தால் காவலுக்குக் கூட 1. அன்று அந்த வாசலில் தடுப்பாகக் குவிந்திருந்தவை பிரெஞ்சு உடல்கள்; பேரிங் எண்ணியது 17. மேசையில் ஆறு பிரெஞ்சுப் பொம்மை வாசலில் விழுந்ததும் தடுப்பு தானாக உண்டாகிறது என்று விதி வையுங்கள். அதுவரை தாக்குபவர் ஒரு மோதலில் வெல்லும் வாய்ப்பு 36-இல் 15. தடுப்பு வந்த பின் 36-இல் 10. காவலருக்குத் தோட்டா தீர்ந்து துப்பாக்கி முனைக் கத்தியும் துப்பாக்கிக் கட்டையும்தான் மிச்சம் என்றால் தாக்குபவருக்கு 1 கூடும். தடுப்பும் அதுவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மறுபடி 36-இல் 15-க்கு வரும். தடுப்பு இல்லாமல் தோட்டாவும் இல்லையென்றால் 36-இல் 21.

வாசலைத் தொட்டபடி சுற்றை முடிக்கும் பிரெஞ்சுக்காரன் தீ வைக்க முயலலாம்: 5 அல்லது 6. தீ பிடித்தால் ஒரு சிவப்புப் பாசி, சுற்றுக்கு ஒன்று கூடும், மூன்றானால் களஞ்சியம் போச்சு. அணைக்க முற்றத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும், கையில் பாத்திரம் வேண்டும். அன்று பாத்திரம் நாசாவ் வீரர்கள் முதுகில் கட்டியிருந்த சமையல் கொப்பரைகள். பேரிங் தானே ஒருவன் முதுகிலிருந்து கொப்பரையை இழுத்து நீர் மொண்டு ஓடினார். தண்ணீர் தூக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பகடை, 6 விழுந்தால் ஒரு சிவப்புப் பாசி போகும். ஆறு பேர் தூக்கினால் குறைந்தது ஒன்று அணையும் வாய்ப்பு 67 சதவீதம். இரண்டே பேர் என்றால் 31. தூக்குகிறவன் அந்தச் சுற்றில் சுட முடியாது. நாசாவ் வந்து சேரும் முன் தீ பிடித்தால் இரண்டு பேருக்கு மேல் தூக்க விடாதீர்கள்.

உதவிக்கு வரும் பட்டாலியனுக்கு வைத்த பொறி

வடக்கே மேட்டின் பின்னால் நிற்கும் வெலிங்டனின் படையிலிருந்து ஒரு பட்டாலியனை இறக்கி உதவலாமே என்று காவல் தரப்பு கேட்கும். கேட்கட்டும். முதல் தாக்குதலின்போது அப்படி இறங்கி வந்த ஹானோவரின் லூனபர்க் பட்டாலியனைப் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படை திறந்த வெளியில் பிடித்து நசுக்கியது. மாலையில் நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசரின் கட்டளைப்படி வரிசையாக விரிந்து இறங்கிய 5-ஆம் லைன் பட்டாலியனுக்கும் அதே கதி; அதை நடத்திவந்த கர்னல் ஓம்ப்டெடா உயிரிழந்தார்.

மேசையில் இதை மூன்று அட்டையால் செய்யலாம். சரிவின் கீழே கவிழ்த்து வைத்த மூன்று அட்டை, ஒன்றில் மட்டும் குதிரைப்படை. பட்டாலியன் இறங்கும் சுற்றில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒன்றைப் புரட்டுவார். குதிரைப்படை வந்து, பட்டாலியன் வரிசையாக இருந்தால் 3 முதல் 6 வரை எது விழுந்தாலும் சிதறும். சேர்த்துப் பார்த்தால் அபாயம் 22 சதவீதம்தான், ஆனால் ஒரு பட்டாலியன் முழுக்கப் போகும் அபாயம். சதுரமாக நின்றால் பயம் இல்லை, அந்தச் சுற்றில் நகரவும் முடியாது. அட்டையைப் புரட்டாமல் எப்போதும் குதிரைப்படை இருக்கும் என்று எழுதிவிட்டால் யாரும் இறங்க மாட்டார்கள். மூன்றில் ஒன்று என்பது இறங்கத் தூண்டும் அளவுக்கும், அடிபட்டால் வலிக்கும் அளவுக்கும் சரியாக இருக்கிறது.

பிரெஞ்சுத் தரப்புக்கு என்ன வேலை

இந்தச் சினாரியோவில் அநியாயமாக மறக்கப்படுபவர் இவர். நான்கு அலை இருக்கிறது, அவற்றை எப்போது விடுவது என்பது அவர் கையில் இருக்க வேண்டும். முதல் அலை 1-ஆம் சுற்றில், மாற்ற முடியாது. இரண்டாவது 4 அல்லது 5. மூன்றாவது 6 முதல் 8-க்குள். கடைசி அலை 9-இல், அதோடு கோடரி ஏந்திய பொறியாளர்கள். பிரெஞ்சுப் பொறியாளர் லெப்டினன்ட் வியூ அன்று கோடரியால் வாயிலை வெட்டினார். பொறியாளர்களின் பேஸ் சாலை வாயிலைத் தொட்டால் 4 அல்லது மேல் விழுந்ததும் வாயில் உடையும். அலை வராத சுற்றுகளில் பீரங்கி: இரண்டு பகடை, 6-க்கு ஒரு பொம்மை, ஏதாவது ஒரு கட்டத்தில். இதைவிடக் கூட்டாதீர்கள், கூட்டினால் பிரெஞ்சு ஆட்டக்காரர் அலையையே விடாமல் குண்டு போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு அலைகளை அடுத்தடுத்து விட்டால் காவலர்கள் பாசியை வேகமாகக் கொட்டுவார்கள், ஆனால் உங்கள் முதல் அலையில் சிதறியவர்கள் இரண்டாவதன் வழியில் குறுக்கிடுவார்கள். அதை விதியாக வையுங்கள்: முந்தின அலை சிதறிய அடுத்த சுற்றிலேயே வரும் அலை, தொலைவில் ஒரு சுற்று கூடுதலாக நிற்க வேண்டும்.

வெற்றி நேரத்தை வைத்து. 7-ஆம் சுற்று முடிவதற்குள் விழுந்தால் பிரெஞ்சுக்குப் பெரிய வெற்றி. 8-இல் விழுந்தால் சிறிய வெற்றி. 9, 10-இல் விழுந்தால் சமம், அது வரலாறு. 10 முடிந்தும் நின்றால் காவல் தரப்புக்கு வெற்றி. இதோடு தப்பிய ஆட்களுக்கும் மதிப்பு உண்டு. முற்றத்திலிருந்து காய்கறித் தோட்டத்துக்கு ஒரே வழி வீட்டின் குறுகிய நடை. ஒரு சுற்றில் ஒரு பகடையும் கூட 3-உம் என்ற அளவு பொம்மைதான் அதில் புகலாம். 30 பொம்மையுடன் 10-ஆம் சுற்று வரை காத்திருந்து வெளியேறப் பார்த்தால் 9 பேருக்கு மேல் வரவே முடியாது. எப்போது கிளம்புவது என்பதுதான் காவல் ஆட்டக்காரரின் கடைசி முடிவு, மிகக் கடினமானதும் அதுவே.

ஆடும்போது கவனிக்க

நடுவர் ஒருவர் இல்லாமல் இதை ஆட வேண்டாம். பாசி டப்பி, தோட்டாக் கோரிக்கை, குதிரை அட்டை மூன்றும் அவர் பொறுப்பு. ஆள் இல்லையென்றால் பாசியை வெளியே வைத்து, சுவர் ஏறும் விதியில் "இரண்டு சுற்று" என்பதை "மூன்று" ஆக்கிக்கொள்ளலாம். சுவை கொஞ்சம் குறையும். பத்துச் சுற்றுக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூரையைக் கழற்றி மாட்டுவதில்தான் பாதி நேரம் போகும், ஆகவே சண்டை நடக்கும் கட்டடத்தின் கூரையை ஆட்டம் முடியும்வரை ஓரமாக வைத்துவிடுங்கள். பகடையை மேசை மேல் உருட்டாமல் தனித் தட்டில் உருட்டச் சொல்லுங்கள். சாய்ந்த பகடை ஒரு பக்கம் சண்டை, உடைந்த ஈட்டிமுனை இன்னொரு பக்கம் நஷ்டம்.

ஒரே குழு இதை இரண்டாம் முறை ஆடும்போது எல்லாருக்கும் பாசிக் கணக்கு மனப்பாடமாகியிருக்கும். அப்போது பெயர்களைக் கழற்றிவிடலாம். வேறொரு நூற்றாண்டின் பொம்மைகள், வேறொரு பண்ணை, கதவில்லாத வாசல் வேறு பக்கம். தோட்டா வரும் எண்ணை நடுவர் மட்டும் ஒரு உறையில் எழுதி மூடி வைக்கட்டும், 10-ஆகவோ 12-ஆகவோ அவர் இஷ்டம். கம்பெனிக்கு ஆறு பாசி என்பதையும் நான்குக்கும் ஏழுக்கும் இடையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாற்றிக் கொடுக்கலாம். மொத்தம் 36-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.